வாழைக்குருத்தின் கால்: ராணிப்பேட்டைப் பக்கம் நிற்கவேண்டிய 9 மீட்டர் எஃகுச் சிற்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

எஃகுச் சிற்பம் உச்சியில் கெடுவது அரிது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள்தான் கெடும். மேலே மழை கழுவும், காற்று உலர்த்தும். கீழே தண்ணீர் தங்கும், மண் சேரும், யாரோ பூச்செடி நடுவார்கள். இந்த ஆய்வு முழுக்க அந்த முழங்கால் உயரத்தைப் பற்றியது. மேலே உள்ள எட்டரை மீட்டரும் அதற்குத் துணைக்கதைதான்.

எடுத்துக்கொண்ட பணி ஒரு மாதிரிப் பணி. குறிப்பிட்ட ஊர்ச் சிலை எதுவும் அல்ல. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை பேப்ரிகேஷன் பட்டறைகளில் செய்து முடிக்கக்கூடிய அளவிலேயே எல்லாம் வைக்கப்பட்டிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும், விரியாத வாழைக்குருத்து. உயரம் 9 மீட்டர். முகத்தகட்டின் சராசரி அகலம் 1.55 மீட்டர், அதாவது காற்று மோதும் பரப்பு ஏறக்குறைய 14 சதுர மீட்டர். உள்ளே எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) குழாய்த் தண்டு, வெளியே தோலாக 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு.

இடம்

முதலில் கேட்கப்படுவது எப்போதும் நாற்சந்திதான். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் வளைவில், எல்லார் கண்ணிலும் படும்படி. அங்கே நிறுத்த முடியாது. பொதுச்சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க இனி அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. வரைபடம் போட்டு, மாதிரி செய்து, முன்பணமும் கொடுத்த பிறகு இந்த உத்தரவை நினைவுபடுத்திக்கொள்வது வீண் செலவு. அதனால் நம் குருத்து ஒரு தொழிற்பேட்டை வளாகத்தின் உள்வாசலில், மதிலுக்கு உட்புறம் நிற்கிறது. சாலையிலிருந்து தெரியும், சாலையில் இல்லை.

உள்ளே வந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்துக் குறிக்கலாம். கிரேன் நிற்கத் தளம் கிடைக்கும்.

எந்த எஃகு

மூன்று பேச்சு வரும்: துருவையே மேல்பூச்சாக்கும் கோர்டென், 304 ஸ்டெயின்லெஸ், 316எல் ஸ்டெயின்லெஸ். நான்காவதாக யாராவது ஒருவர் டெல்லி இரும்புத்தூணைச் சொல்வார்.

தூணிலிருந்தே தொடங்கலாம். 7.2 மீட்டர் நீளம், 6 டன்னுக்கு மேல் எடை, 1,600 ஆண்டு வயது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். மேலே படிந்த மெல்லிய படலம் துருவைத் தடுத்து நிறுத்தியது, டெல்லியின் வறண்ட காற்றும் கைகொடுத்தது. ஆனால் 1961இல் அடியைத் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்குள் புதைந்த பகுதியில் துரு ஏறியிருந்தது, அதற்கு ஈயத்தகடு சுற்றினார்கள். துருப்பிடிக்காத தூண் என்று பெயர் வாங்கிய தூணுக்கே கால் பலவீனம்தான்.

கோர்டென் நம் ஊருக்கு அந்நியம் இல்லை. ரயில் பெட்டிகளுக்கு இந்திய ரயில்வே பயன்படுத்திவந்த ஐஆர்எஸ் எம்-41 எஃகு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்திருப்பதால் துரு அடர்ந்து ஒட்டிக்கொள்கிறது. நனைந்து, காய்ந்து, நனைந்து, காய்ந்து வந்தால்தான் அந்தப் படலம் இறுகும். வேலூர் வெயிலில் காய்வதற்குக் குறையில்லை. அந்த வகையில் கோர்டென்னுக்கு இது நல்ல ஊர். இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் நகருக்கு வெளியே 1998 முதல் நிற்கும் 'ஏஞ்சல் ஆஃப் தி நார்த்' சிலை 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் சிறகு விரிப்பு, 200 டன் எஃகு, எல்லாம் கோர்டென். நன்றாகவே நிற்கிறது. ஆனால் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1972இல் திறந்த ஆம்னி அரங்கின் கோர்டென் சுவர்கள் அந்த ஊரின் ஈரப்பதத்தில் காயவே இல்லை. துரு தின்றுகொண்டே போய் ஓட்டை விழுந்தது. அரங்கம் 1997இல் இடிக்கப்பட்டது.

நம் வளாகத்தில் சிற்பத்தைச் சுற்றிப் புல்தரையும் தெளிப்பான் குழாயும் வரும் என்பது உறுதி. வாசல் என்றால் புல்தரை இல்லாமல் விடமாட்டார்கள். தினமும் இரண்டு வேளை நனையும் கோர்டென் கால், ஆம்னி சுவரின் தம்பி. போதாததற்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டு வழியும் செந்நீர் கருங்கல் பீடத்தில் கறையாக இறங்கும், அதைப் பிறகு எடுப்பது கஷ்டம். கோர்டென்னை இங்கே தள்ளியதற்குக் காரணம் புல்தரைதான், வானிலை அல்ல.

304க்கும் 316எல்லுக்கும் இடையில் முடிவெடுக்க ராணிப்பேட்டையின் தொழிலைப் பார்க்கவேண்டும். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் 304 போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் வரும். பதனிடுமுன் அந்த உப்பை உதறுவார்கள். முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுவார்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, ஸ்டெயின்லெஸின் காப்புப் படலத்தை ஊசிமுனை அளவுக்குத் துளைத்து உள்ளே இறங்கும். 316இல் கூடுதலாக உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் அதைத் தாங்குகிறது. போதாக்குறைக்கு இந்த வட்டாரத்துப் போர்த்தண்ணீர் பல இடங்களில் உப்பு. சிற்பத்தைக் கழுவப் போவதும் அந்தத் தண்ணீர்தான். ஆகவே 316எல். 'எல்' என்பது கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாதது என்று பொருள். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து அங்கே அரிப்பு தொடங்காமல் அது காக்கும்.

சல்பைடு உள்ள காற்றில் செம்பும் பித்தளையும் கறுக்கும். குருத்தின் நரம்புக்குப் பித்தளைப் பட்டி ஓட்டலாம் என்ற யோசனை அதனால் விழுந்தது.

காற்று, தண்டு, போல்ட்

இந்திய காற்றுவிசைத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று, சென்னைக்கு உள்ள எண்ணையே பாதுகாப்பாக எடுத்துக்கொண்டோம். முக்கியக் கட்டுமானத்துக்கான 1.08 பெருக்கலோடு 54 மீட்டர். அழுத்தம் 0.6 × 54 × 54, அதாவது சதுர மீட்டருக்கு 1.75 கிலோநியூட்டன். பரப்பு 14, வடிவக் கெழு 1.4. மொத்தத் தள்ளுவிசை 34 கிலோநியூட்டன் சொச்சம், ஏறக்குறைய மூன்றரை டன். சிற்பத்தின் எடையோ இரண்டு டன் சொச்சம்தான். எடையைவிடக் காற்றின் தள்ளுதல் பெரிது என்பதை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளவேண்டும். "கனமான சாமான், தானே நிற்கும்" என்ற பட்டறைப் பேச்சு இந்தப் பொருளுக்குப் பொருந்தாது.

விசையின் மையம் நாலரை மீட்டரில். அடியில் வளைவுத் திருப்பம், அதாவது காற்று தண்டை வளைக்கப் பார்க்கும் அளவு, 154 கிலோநியூட்டன்-மீட்டர். 1.5 பாதுகாப்புப் பெருக்கலுக்குப் பிறகு 231.

பெரிய தவறு நடக்கிற இடம் இதுதான். பட்டறைகளில் 219 மி.மீ. குழாய் எளிதாகக் கிடைக்கும். பார்வைக்கும் தடிமனாகத்தான் தெரியும். 10 மி.மீ. சுவர் உள்ள அந்தக் குழாய், 240 தர எஃகில், 95 வரைதான் தாங்கும். தேவை 231. பாதிகூட இல்லை. 323.9 மி.மீ. வெளிவிட்டம், 12.7 மி.மீ. சுவர் உள்ள குழாய் 268 தாங்கும். பாதி உயரத்தில் திருப்பம் கால் பங்காகி 58க்கு இறங்கிவிடுவதால் அங்கிருந்து மேலே 219 குழாயே போதும். அதனால் தண்டு இரண்டு துண்டு. துருத்தடுப்புக்கு முக்கும் துத்தநாகத் தொட்டிக்கும் இது வசதி, லாரிக்கும் வசதி.

தண்டின் அடித்தகடான பேஸ் பிளேட் 900 × 900 × 32 மி.மீ. போல்ட் எட்டு, மூலைக்கு ஒன்று, பக்க நடுவில் ஒன்று. ஒரு பக்கத்து மூன்று போல்ட்டும் இழுவை வாங்கினால் ஆளுக்கு 103 கிலோநியூட்டன். 4.6 தர எம்30 போல்ட் 150 தாங்கும். ஆகவே போல்ட் தடிமனில் சிக்கல் இல்லை. சிக்கல் அதை வைக்கும் விதத்தில். கான்கிரீட் கொட்டும்போது வைப்ரேட்டர் தட்டிப் போல்ட் 15 மி.மீ. நகர்ந்துவிடும். சிற்பம் கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கேஸ் கட்டர் எடுத்துத் துளையை அகலமாக்குவார்கள். துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துளை முட்டை வடிவமாகும், வாஷர் மட்டமாக உட்காராது. இதைத் தவிர்க்க 8 மி.மீ. தகட்டில் பேஸ் பிளேட்டின் துளைகளையே போட்டு ஒரு டெம்ப்ளேட் செய்து, போல்ட்டுக்கு மேலும் கீழும் நட்டுப் போட்டு இறுக்கி, அடியில் ஒரு சட்டத்தோடு பற்றவைத்து, கம்பிக்கூட்டோடு கட்டிய பிறகே ஜல்லி போடவேண்டும். அனுமதிக்கிற விலகல் 3 மி.மீ. பிளேட்டில் துளை 36 மி.மீ. பதிக்கும் ஆழம் 750 மி.மீ.

அடித்தளம் 3 × 3 மீட்டர், 1 மீட்டர் ஆழம். அதன்மேல் 1.2 மீட்டர் சதுரத்தில் அரை மீட்டர் பீடம். கான்கிரீட் 9.7 கன மீட்டர். அடித்தளத்தின் அடியிலிருந்து பார்த்தால் கவிழ்க்கும் திருப்பம் 206, எதிர்த்து நிற்பது 395 அருகே, பாதுகாப்பு 1.9. காற்றடிக்கும் பக்கம் அடித்தளம் கொஞ்சம் தூக்கும். எதிர்ப்பக்கத்தில் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 80 கிலோநியூட்டன் சொச்சம் அழுத்தம் விழும். இந்தப் பக்கத்துச் சரளைக்கும் சிதைந்த பாறைக்கும் அது பெரிய சுமையல்ல. ஏரிக்கரையோரக் களிமண்ணாக இருந்தால் மண் பரிசோதனை இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக்கூடாது. ஏஞ்சல் சிலைக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்ததால் 20 மீட்டர் ஆழத்துக்குப் பைல் (மண்ணுக்குள் போகும் கான்கிரீட் தூண்) இறக்கினார்கள். அந்தச் செலவு யார் கண்ணிலும் படாது, ஆனால் சிலை நிற்பது அதன்மேல்தான்.

இரண்டு உலோகம் சேரும் இடம்

உள்ளே எம்.எஸ்., வெளியே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ்); இடையில் ஈரம் வந்தால் மின்கலம். இரும்பு கரையும், ஸ்டெயின்லெஸ் சிரிக்கும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு நியூயார்க் சுதந்திரதேவி சிலை. 2.4 மி.மீ. செப்புத் தோல், உள்ளே இரும்புப் பட்டிகள், இரண்டுக்கும் இடையில் அரக்கில் நனைத்த ஆஸ்பெஸ்டாஸ். நூறாண்டில் அந்தத் தடுப்பு பொடிந்துபோனது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பட்டிகள் வீங்கி, செப்பில் அடித்திருந்த ரிவெட்களைப் பிடுங்கிவிட்டன. 1984–86 சீரமைப்பில் சுமார் 1,800 பட்டிகளையும் மாற்றி, பெரும்பகுதிக்கு 316எல் போட்டு, இடையில் டெஃப்லான் வைத்தார்கள்.

நம் குருத்தில் தோலைப் பிடிக்கும் விலா எலும்புகளும் 316எல். 900 மி.மீ.க்கு ஒன்று. எம்.எஸ். தண்டுக்குத் துத்தநாகப் பூச்சு, 85 மைக்ரான். விலாவும் தண்டும் சந்திக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் நைலான் புஷ், இருபுறமும் நைலான் வாஷர், நடுவில் 3 மி.மீ. ஈபிடிஎம் ரப்பர். புஷ் போடாமல் வாஷர் மட்டும் போட்டால் போல்ட்டின் உடல் துளையின் சுவரைத் தொட்டு இரண்டையும் இணைத்துவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலே தெரியும், பீப் சத்தம் வரக்கூடாது. பட்டறையை விட்டுக் கிளம்புமுன் எல்லா இணைப்பையும் இப்படிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். நிறுத்திய பிறகு பார்க்க வழியே இல்லை.

துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பும் குழாயின் இரு முனையிலும் காற்றுத்துளை கட்டாயம். மூடிய குழாயில் ஈரம் மாட்டிக்கொண்டால் 450 டிகிரியில் அது குண்டாக வெடிக்கும்.

வெயில் விவகாரம் தனி. மே மாத மதியத்தில் தோல் 70 டிகிரி, உள்ளே நிழலில் இருக்கும் தண்டு 45 என்று வைத்துக்கொள்வோம். பொருத்திய காலை நேரம் 20 டிகிரி. தோல் 7 மி.மீ. நீளும், தண்டு 3 மி.மீ.கூட நீளாது. விலாக்களைத் தண்டோடு பற்றவைத்துவிட்டால் அந்த 4 மி.மீ. எங்கே போகும்? தகடு எண்ணெய் டின் மாதிரி உப்பி, சாயங்காலம் 'டப்' என்று உள்வாங்கும். சிகாகோவின் 'கிளவுட் கேட்' சிற்பத்தில் 168 ஸ்டெயின்லெஸ் தகடுகளை ஒரே தோலாகப் பற்றவைத்தும், உள்சட்டத்தைச் சாராமல் தோல் விரிந்து சுருங்கும்படி விட்டதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயியில் 192 மீட்டர் உயர 'கேட்வே ஆர்ச்' வளைவின் கடைசித் துண்டை 1965 அக்டோபர் 28 அன்று பொருத்தியபோது, வெயிலில் நீண்டிருந்த தெற்குக் காலைத் தீயணைப்புக் குழாயால் நனைத்துச் சுருக்கவேண்டியிருந்தது. நம் பணியில் கீழ் விலா மட்டும் நிலை. மற்றவற்றில் 12 மி.மீ. போல்ட்டுக்குச் செங்குத்தாக 30 மி.மீ. நீளத்துளை. நட்டுக்கு மேல் இன்னொரு நட்டுப் போட்டுப் பூட்டவேண்டும், இறுக்கி நசுக்கக்கூடாது.

தோலுக்கு மங்கல் மெருகா, கண்ணாடி மெருகா? கண்ணாடி மெருகு கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் டிஸ்னி இசையரங்கின் குழிந்த மெருகுத் தகடுகள் எதிர்வீட்டுக்காரர்களைச் சுட்டதால் 2005இல் தேய்த்து மங்கலாக்கினார்கள். வேலூர் வெயிலில் குழிந்த கண்ணாடி வைப்பது வம்பை வாடகைக்கு வாங்குவது. மேல்–கீழாக ஓடும் மெல்லிய கோடு மெருகு, சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குள். கோடு குறுக்கே ஓடினால் தூசி தங்கும்; நெடுக ஓடினால் மழையே கழுவும்.

பட்டறையில் கெடுவது

ஸ்டெயின்லெஸ் சிற்பத்தில் முதல் மழைக்கே தேநீர் நிறப் புள்ளிகள் வந்தால் பெரும்பாலும் தகட்டின் குற்றமல்ல. அதே பட்டறையில் பக்கத்து மேசையில் எம்.எஸ். கேட் அறுக்கிறார்கள். பொறி பறந்து ஒட்டுகிறது. எம்.எஸ். அறுத்த வீலையே எஸ்.எஸ்.மேல் வைக்கிறார்கள். இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். ஒட்டிய இரும்புத்தூள் துருப்பிடித்து, கீழே உள்ள படலத்தையும் கெடுக்கிறது. மேசை, வீல், பிரஷ் மூன்றும் தனியாக இருக்கவேண்டும்; தூக்குவதற்குக்கூட நைலான் பெல்ட், வயர் ரோப் கூடாது. சோதனை எளிது: இரவு முழுக்கத் தகட்டை ஈரமாக வைத்து விடிந்ததும் பார்ப்பது.

எஸ்.எஸ். தகடுகளை டிக் வெல்டிங்கில், 316எல் பில்லர் கம்பியோடு. எஸ்.எஸ்., எம்.எஸ். இரண்டையும் பற்றவைத்தே ஆகவேண்டிய இடம் வந்தால் 309எல் கம்பி. வெல்டிங் ஓரத்து நீலம், பழுப்பு நிறத்தை அப்படியே விடக்கூடாது, அங்கே குரோமியம் குறைந்திருக்கும். பிக்கிளிங் பேஸ்ட் என்ற அமிலக் களிம்பைத் தடவி எடுக்கவேண்டும். டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் விடக்கூடாது, நம் வெயிலில் அது காய்ந்து கறையாகும். நிழலில், காலையில் செய்வது நல்லது. அதில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் உண்டு. உடம்பில் பட்டால் முதலில் வலிக்காது, பிறகு எலும்புவரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கழுவிய நீரில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊரில், அந்த நீரைச் சாக்கடையில் விடுவதைப்போல வெட்கக்கேடு வேறில்லை. சுத்திகரிப்புக்கு அனுப்பவேண்டும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர், போர்த்தண்ணீர் அல்ல.

கால்

இப்போது சர்ச்சை. கட்டடக் கலைஞர் தோலைப் பீடம்வரை இறக்கி, பேஸ் பிளேட்டைக் கருங்கல்லால் மூடி, இடைவெளியில் சிலிக்கான் அடைக்கச் சொல்வார். குருத்து கல்லிலிருந்தே முளைத்ததுபோல் இருக்கும். அழகுதான். ஆனால் சிலிக்கான் சில ஆண்டில் ஓரத்தில் விடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. போல்ட், நட்டு, பிளேட் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத குளத்தில் நிற்கும். மூன்றரை டன் காற்றைப் பிடித்திருப்பது அந்த எட்டு நட்டுகள்தான்.

இந்த ஆய்வின் பரிந்துரை: தோல் பீடத்துக்கு 150 மி.மீ. மேலேயே நிற்கட்டும். பேஸ் பிளேட் தெரியட்டும். அது அசிங்கம் என்றால் பிளேட்டை வட்டமாக அறுத்து, நட்டுகளுக்கு எஸ்.எஸ். தொப்பி போட்டு, அதையே வடிவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பிளேட்டுக்கு அடியில் சமன்படுத்தும் நட்டு, 50 மி.மீ. சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை). கிரவுட் விளிம்பு பிளேட்டுக்கு வெளியே 45 டிகிரி சரிவு. மட்டமாக விட்டால் பிளேட்டின் ஓரத்தில் நீர் தங்கும். பீடத்தின் மேல்முகம் வெளிப்பக்கம் சாயவேண்டும், மீட்டருக்கு 20 மி.மீ. தண்டின் அடியில் 20 மி.மீ. வடிகால் துளை. உள்ளே இரவில் வேர்க்கும் நீர் அதில் இறங்கும். கிரவுட் போடும்போது அந்தத் துளையை அடைத்துவிடுவது வழக்கமான கவனக்குறைவு. ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்து, பிறகு எடுக்கவேண்டும்.

புல்தரை பீடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. இடையில் ஜல்லி.

இடிதாங்கிக்கு இரண்டு எர்த் பிட் (மின்னலை மண்ணுக்குள் இறக்கும் குழி), ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டி, தடை 10 ஓமுக்குள். நிறுத்துவது விடியற்காலையில், காற்று எழுமுன். தூக்குவதற்கு ஹைட்ரா கிரேன் ஒன்றே போதும். ஆனால் படுத்திருக்கும் 9 மீட்டர் பொருளை நிமிர்த்தும்போது கால் தரையில் இழுபடாமல் தாங்க இரண்டாவது கிரேனோ சறுக்குக் கட்டையோ வேண்டும். தோலின் கீழ்விளிம்பு நசுங்குவது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

பிறகு யார் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறக்குமுன் ஒரு கழுவல், கோடை முடிவில் ஒன்று. மிதமான சோப்பு, மென்துணி, நல்ல தண்ணீர். அப்போதே எட்டு நட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) தொட்டுப் பார்ப்பது, வடிகால் துளையில் கம்பி விட்டுப் பார்ப்பது.

இங்கே ஸ்டெயின்லெஸுக்குப் பெரிய எதிரி மழையல்ல, பாத்ரூம் ஆசிட். பீடத்துக் கல்லில் கறை என்று துப்புரவுப் பணியாளர் ஒரு பாட்டில் ஊற்றித் தேய்த்தால் அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே நாளில் தோலின் அடியோரத்தைக் கறுப்பாக்கிக் குழி போட்டுவிடும். பிளீச்சிங் பவுடரும் அதே வகை. ஆயுத பூஜைக்குக் குருத்தின் கால்மாட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள், குங்குமம் தடவுவார்கள், மாலையைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டுப் போவார்கள். மாலை அழுகி, கம்பி துருப்பிடித்து, தோலில் ஒரு பழுப்பு வளையம் விழும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மறுநாள் காலை கம்பியை அவிழ்த்து, ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றும் வேலையை வளாகக் காவலரின் பணிப்பட்டியலில் எழுதிவைத்தால் போதும். "ஆசிட் கூடாது" என்ற வரியும் அதே தாளில், சிவப்பு மையில்.